தோல்பையோடு வந்த அண்ணன்

ஆரலண்ணனுக்கு முதல் நரை விழுந்ததைக் கண்டுபிடித்தது என் அம்மாதான். கோமதி டாக்கீஸில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, என் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருந்த குதிரைக்காரன் படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிற இடத்தில் சட்டென்று எழுந்து நின்று, பின்னால் மைக் பிடித்திருந்த ராக்கியப்பனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங் ராக்கியண்ணா, எங்கண்ணனுக்குக் காதோரம் நரைச்சிருக்குதே, பார்த்தீங்களா?"

"பார்த்தனம்மிணி," என்று ராக்கியப்பன் மைக்கிலேயே பதில் சொன்னார். "போன தடவையே பார்த்தேன். நீ வருத்தப்படுவீன்னு சொல்லலை. உக்காரு, பின்னால மறைக்குது."

அம்மா உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு இடைவேளையில் முறுக்கு வாங்கவில்லை. நரைத்துவிட்டால் அடுத்தது என்ன என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கவலை அவளிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளியம்பதியில் அப்போது ஒரு பஞ்சு மில்லும் ஒரு மாரியம்மன் கோயிலும் தகரக்கூரை போட்ட இந்தக் கொட்டகையும்தான் பெரிய கட்டிடங்கள். கோயமுத்தூரிலிருந்து படப்பெட்டி வர வேண்டும். மழையில் பாலம் முழுகிவிட்டாலோ, பெட்டி ஏற்றிய பஸ் வழியில் நின்றுவிட்டாலோ, வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதற்காக, கொட்டகை முதலாளி எங்கேயோ மூடிப்போன ஒரு விநியோகக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு படத்தைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். அது அமெரிக்காப் படம், கறுப்பு வெள்ளை. பெயரை யாரும் சரியாகப் படித்ததில்லை. ஹார்லன் குயின்பி என்ற நடிகர் ஒரு பெண்ணின் போட்டோவையும் ஒரு தோல்பையையும் வைத்துக்கொண்டு குதிரையில் ஊர் ஊராக அலைகிறார், போகிற இடமெல்லாம் போட்டோவைக் காட்டிக் கேட்கிறார், கடைசியில் ஒரு மாதா கோயில் வாசலில், கல்யாணம் முடிந்து வெளியே வருகிற அந்தப் பெண்ணைப் பார்க்கிறார், அங்கேயே விழுகிறார்.

இங்கிலீஷ் படம் என்றால் மைக்கில் கதை சொல்ல ஆள் வேண்டும். ராக்கியப்பன் வால்பாறையில் ஒரு துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர், குதிரைக்குச் சொல்கிற இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். மனிதர்கள் பேசுகிற இங்கிலீஷை அவர் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு கையில் பையோடு இத்தனை தூரம் வருகிறவன் யாராக இருக்க முடியும் என்று யோசித்தார். புருஷனாக இருந்தால் வெறுங்கையோடு வருவான், போகும்போதுதான் வாங்கிக்கொண்டு போவான். பையோடு வருகிறவன் கூடப் பிறந்தவன்தான், பையில் இருப்பது சீர்தான். அப்படித்தான் முதல் நாள் மைக்கில் சொன்னார், அப்படித்தான் ஊரும் கேட்டுக்கொண்டது. கடைசியில் துப்பாக்கி வெடித்து அவர் விழுகிறபோது, "தங்கச்சி கல்யாணத்துக்கு வாண வெடி போடறாங்க, வந்த களைப்புல அண்ணன் மயங்கிட்டாரு, யாரும் பயந்துக்க வேண்டாம், வெளிய போறப்ப குழந்தைங்கள எண்ணிக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி ராக்கியப்பன் விளக்கைப் போடச் சொல்லுவார்.

என் அம்மா பொன்னாத்தாள் ஒற்றைப் பெண். கூடப் பிறந்தவன் இல்லாத பெண் எங்கள் பக்கம் எந்த விசேஷத்திலும் தலை குனிந்துதான் நிற்க வேண்டும். தட்டு வரிசை வருகிறபோது ஊரே வாசலைப் பார்க்கும், அவளுக்கு வாசலில் யாரும் வரமாட்டார்கள். எனக்குக் காது குத்த நாள் குறித்தபோது, தாய்மாமன் முறைக்கு மடியில் உட்கார வைத்துக்கொள்ள அம்மாவின் பெரியப்பா மகன் நல்லதம்பி ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் தன்னை நேரில் வந்து அழைக்காமல் ஆள் விட்டு அழைத்துவிட்டார்கள் என்று அன்றைக்குக் காலையில் முறுக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஆசாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், மொட்டை போட்ட நான் அழுதுகொண்டிருக்கிறேன், வந்தவர்கள் வாயில் புடவைத் தலைப்பை வைத்துச் சிரிக்கிறார்கள். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். ஆசாரியும் பின்னால் நடந்தார், ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு.

அந்தப் படத்தில் ஆரலண்ணன் நெருப்பு மூட்டி ஒரு கல்லின் மேல் காலை அகட்டி உட்கார்ந்து கையை அனலில் காட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. அப்போது அவருடைய மடி, திரையின் அடியில், சிமெண்டு மேடையை ஒட்டி, ஒரு கட்டில் அகலத்துக்கு வந்து நிற்கும். ஆபரேட்டர் சூசை கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு அந்த ரீலைப் போட்டார். மேடையில் ஒரு பிரம்பு நாற்காலியை மடிக்கு நேராக வைத்து என்னை உட்கார வைத்தார்கள். காட்சி சின்னது, அதற்குள் இரண்டு காதும் முடிய வேண்டும். "சீக்கிரம் ஆசாரி, இப்ப எந்திரிச்சுருவாரு, எந்திரிச்சுருவாரு" என்று ராக்கியப்பன் மைக்கில் அவசரப்படுத்த, ஆசாரி இரண்டாவது காதைக் குத்தி எடுக்கவும் அவர் கல்லிலிருந்து எழுந்து குதிரைக்குப் போகவும் சரியாக இருந்ததாம். எனக்கு இடது காதை விட வலது காதில் ஓட்டை ஒரு எள்ளளவு மேலே இருப்பது அதனால்தான்.

அதற்குப் பிறகு கூடப் பிறந்தவன் இல்லாத பெண்கள் எல்லோரும், முதலில் எங்கள் ஊரிலிருந்தும் பிறகு சுற்றுப்பட்டிலிருந்தும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோமதி டாக்கீஸுக்கு வர ஆரம்பித்தார்கள். ஹார்லன் என்ற பெயர் அவர்கள் வாயில் ஆரலன் ஆகி, ஆரலண்ணன் ஆயிற்று. பிள்ளைகளுக்கு ஆரமாமன். நல்லதம்பி ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, "ஆளு நம்மளவிட வாட்டசாட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி ஊருக்கு அண்ணனானவருக்குத்தான் நரை விழுந்தது. அதை மெஷின் விளக்கின் கார்பன் கோளாறு என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். அப்புறம் விரலில் ஒரு மோதிரம் வந்தது. பெண்கள் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, தங்களுக்குச் சொல்லவில்லையே என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டு, பிறகு மேடையில் ஒரு தாம்பூலத் தட்டு வைத்தார்கள். சில மழைக்காலம் கழித்து மோதிரம் காணாமல் போயிற்று, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை. வலது கால் இழுக்க ஆரம்பித்தது. அவர் நடக்கிற இடங்களில் மட்டும் சூசை மெஷினைக் கொஞ்சம் மெதுவாக விட்டார். ஒரு தடவை, வழக்கமாகப் போட்டோவை எடுத்துப் பார்க்கிற இடத்தில், சட்டைப்பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கொட்டகை முழுக்க 'ப்ச்' என்ற சத்தம் எழுந்தது. இருமல் வந்தபோது என் அம்மா சுக்குக் கஷாயம் வைத்துச் சொம்பை மேடையில் வைத்துவிட்டு வந்தாள். படம் முடிந்தபோது சொம்பு காலியாக இருந்தது. ஃபேன் காற்றில் வற்றியிருக்கும் என்று சூசை சொன்னார், ஆனால் சொம்பைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார்.

வயசானது அவருக்கு மட்டும்தான். குதிரை அதே குதிரை. தங்கச்சி மாதா கோயில் வாசலில் அதே இளம் பெண்ணாக வந்து நின்றாள். இதைப் பற்றி மில் கேட்டில் ஆண்கள் நிறையப் பேசினார்கள். அம்மா ஒரே பேச்சில் முடித்தாள்: "அவளுக்கென்ன, தேடிட்டு வர அண்ணன் இருக்கான். கவலையில்லாதவளுக்கு எதுக்கு வயசாகுது?"

கேளிக்கை வரி ஆபீசர் ஒருவர் வந்து, நடிகர் முன்னைவிடக் கிழவராக இருப்பதால் இது பழைய படமா புதுப் படமா என்று சந்தேகம் கேட்டார். முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். பழைய படம்தான் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறும்போது, "அந்தக் காலுக்கு ஏதாச்சும் எண்ணெய் போடறாரா?" என்று விசாரித்தார்.

நான் எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போக ஆரம்பித்த வருஷம் டோரீன் டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்தவர், சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பிறகும் இங்கேயே இருந்துவிட்டவர். 'என் மாமா' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரே குதிரைக்காரரைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து, அடுத்த மழை நாளில் அவரும் கொட்டகைக்கு வந்தார். படம் முடிந்து வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொன்னு, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவர் அந்தப் பொண்ணுக்கு அண்ணன் இல்லை. அவளைக் கொல்றதுக்காகக் கூலி வாங்கிட்டு வர்ற ஆளு. பையில இருக்கறது கயிறு. கடைசில மாப்பிள்ளை அவரைச் சுட்டுடறான்."

அம்மா டீச்சரின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க அதை இங்கிலீஸ்ல பார்த்துட்டீங்க டீச்சர்," என்றாள். "அதான்."

டோரீன் டீச்சர் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. ஆனால் அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெர்த்தில் இருக்கிற அக்காவுக்கு எழுதிப் பழைய சினிமாப் பத்திரிகைகளை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து படித்துச் சொல்ல ஆரம்பித்தார். மக்காச்சோளம் விளைகிற ஒரு வறண்ட நாட்டில் செருப்புத் தைக்கிறவருக்குப் பிறந்தவராம். வீட்டை விட்டு ஓடி வந்து சினிமாக் கம்பெனியின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினாராம். பெரிய நடிகர்கள் விழ வேண்டிய இடங்களில் அவர்களுக்குப் பதிலாக விழுந்து விழுந்து, இவ்வளவு அழகாக விழுகிறானே என்று முகத்தையும் காட்டச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு நடித்த படத்திலெல்லாம் கெட்டவன் வேஷம், எல்லாப் படத்திலும் சாவு. ஒரே ஒரு தடவை கதாநாயகன் வேஷம் தருகிறோம் என்று மீசையை எடுக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். பெண்டாட்டி விட்டுப் போனது, குதிரை சாய்ந்து கால் போனது, டெலிவிஷன் வந்து இந்த மாதிரிப் படங்களே நின்றுபோனது, எல்லாம் படத்தில் நாங்கள் பார்த்த வரிசையிலேயே பத்திரிகையிலும் இருந்தது.

"கூடப் பிறந்தவங்க?" என்று அம்மா கேட்டாள்.

"யாருமில்லை. ஒத்தைப் பிள்ளை."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எனக்குத்தான் அவர் அண்ணன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். "அவருக்கும் யாருமில்லைங்கறது இப்பத்தான் தெரியுது."

டீச்சர் சொன்ன உண்மை அம்மாவோடு நின்றுவிடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் பேசியது எது நின்றிருக்கிறது? ஊர் அதைக் கேட்டது, இரண்டு நாள் பேசியது, ராக்கியப்பனிடம் போய் நியாயம் கேட்டது. "நா கேட்டப்ப எனக்கு அப்படித்தான் கேட்டுது," என்று அவர் சொன்னார், ஊர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை பார்த்து, அந்தப் பேச்சு பல்லடம் வரைக்கும் போனபோதுதான் வினை வந்தது.

என் மாமியார் ஆகப்போகிறவரை ஊரில் பல்லடத்தம்மா என்பார்கள். வெற்றிலைப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, துணைக்கு யாரும் இல்லாமல் வந்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க?"

"ஆரலண்ணனுங்க," என்றாள் அம்மா.

"கேள்விப்பட்டேன். படத்துல வர்றவரு. பொண்ணு நெத்தில பட்டம் கட்டி, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரவேண்டியவரு, கொலைகாரருன்னும் கேள்விப்பட்டேன்."

அம்மா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நா பொல்லாதவ இல்லீங்க," என்றார் பல்லடத்தம்மா. "படத்துல இருக்காரேன்னும் பார்க்கலை. மாமனில்லாம கல்யாணம் பண்ணி, நாளைக்கு எம்பேரனுக்கு மடி குடுக்கற முறையே அந்து போகக் கூடாது, அவ்வளவுதான். அவரு வந்து நிக்கட்டும். ஆனா கல்யாண வாசல்ல எவனாச்சும் துப்பாக்கி எடுத்து, எவனாச்சும் செத்து விழுந்தா, எம்பையன் மாலையக் கழட்டி வெச்சிட்டு பஸ் ஏறிருவான். அந்தச் சகுனத்தோட என்னால பொண்ணைக் கூட்டிட்டுப் போக முடியாது."

அன்றையிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சூசை வந்து, கடைசி ரீலைப் போடாமலேயே நிறுத்திவிடலாம் என்று சொன்னார். அவர் தெருமுனைக்கு வருகிற வரைக்கும் காட்டினால் போதும், வாசல் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "இத்தனை வருசமா நடந்து வர்றவரை வாசப்படில நிறுத்தித் திருப்பி அனுப்பறதுக்கு அவரென்ன பால் ஊத்தறவரா? முழுசாப் போடுங்க. வர்றது வரட்டும்."

முகூர்த்தம் காலையில். கொட்டகையின் பெஞ்சுகளையெல்லாம் ஓரத்தில் தள்ளி, மேடையில் மணவறை கட்டி, கதவுகளைச் சாத்தி, குத்துவிளக்கு வெளிச்சம் திரையில் படாமல் ஒரு தட்டியும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். பல்லடத்தம்மா முதல் வரிசையில், பை முடிச்சைக் கையில் பிடித்தபடி, எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் பட்டுப்புடவையில் திரைக்கு ஓரத்தில் நின்றேன். எனக்கு வியர்வையில் பொட்டு கரைந்துவிடுமோ என்று கவலை, விளக்கு தட்டியில் பட்டுத் தீப்பிடிக்குமோ என்று கவலை, எல்லாவற்றுக்கும் மேலே, வரப்போகிறவர் என்ன செய்வாரோ என்ற கவலை.

கடைசி ரீல் ஓடியது. அவர் வந்தார். அவ்வளவு கிழவராக அவரை நாங்கள் பார்த்ததில்லை. குதிரையிலிருந்து இறங்க அவருக்கு நேரம் ஆயிற்று. சேணத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ராக்கியப்பனுக்கும் அப்போது வயசாகி நடுக்கம் வந்திருந்தது, மைக்கில் அவருடைய மூச்சும் கேட்டது, இரண்டு மூச்சில் எது யாருடையது என்று தெரியவில்லை. மாதா கோயில் கதவு திறந்தது, தங்கச்சியும் அவள் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள், கிழவர் பையைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார், அவருடைய கை இடுப்புக்குப் போயிற்று, எப்போதும் போகிற மாதிரியே போயிற்று, ராக்கியப்பன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றுவிட்டார்.

என் அம்மா மணவறையிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்து, வீட்டு வாசலில் யாராவது வந்தால் கூப்பிடுகிற அதே குரலில், "வாங்கண்ணா" என்றாள். "இவ்வளவு நேரமாச்சே, சாப்பிட்டீங்களா?"

இடுப்புக்குப் போன கை அங்கேயே நின்றது. அப்புறம் மேலே வந்து தொப்பியைக் கழற்றியது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தங்கச்சியைப் பார்த்தார், பிறகு, நான் பார்த்ததைச் சொல்கிறேன், என்னைப் பார்த்தார். பையைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில், வலது காலை நீட்டிக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார். அவருடைய மடி திரையின் அடிக்கு, மேடையை ஒட்டி, எனக்கு நேராக வந்து நின்றது.

படத்து மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அவன் எப்போதும் போல் துப்பாக்கியை எடுத்து, எப்போதும் சுடுகிற இடத்தில் சுட்டான். அந்த இடத்தில்தான் ஆள் நிற்கவில்லையே. அவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தார். குண்டு அவருடைய தலைக்கு மேலே போயிற்று. அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டதும், இதற்காகவே காத்திருந்த மாதிரி, மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டார்கள். ராக்கியப்பன் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து, "அண்ணன் சார்பா, அண்ணன் சார்பா" என்று சொல்லிக்கொண்டே என் நெற்றியில் பட்டத்தைக் கட்டினார். அவர் கை நடுங்கியதால் பட்டம் கொஞ்சம் கோணல்தான்.

பல்லடத்தம்மா எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். பை முடிச்சை நாற்காலியில் வைத்தார்.

"கூடப் பொறந்தவரு வந்து வாசப்படில உக்காந்திருக்காரு," என்றார் என் அம்மாவிடம். "ஒரு வாய் தண்ணி குடுக்காம பார்த்துட்டு நிக்கறீங்களே, சம்பந்தி."

அதற்குப் பிறகு ஆரலண்ணன் ரொம்ப நாள் இருக்கவில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஓரமாகப் போட்டிருந்ததை டோரீன் டீச்சர் கொண்டுவந்து காட்டினார். அம்மா படித்துக் காட்டச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரமே மழையில் படம் போட்டபோது, குதிரை தனியாகத்தான் வந்தது. கல்லின் அருகே நெருப்பு தானாக எரிந்தது. கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் எதிரில் இல்லாத ஆளிடம் தலையாட்டிப் பதில் சொன்னார்கள். கடைசியில் மாதா கோயில் படியில் தோல்பை மட்டும் இருந்தது. ராக்கியப்பன் மைக்கை அணைத்துவிட்டார். கூடப் பிறந்தவன் போனால் பெண் செய்ய வேண்டியதை எல்லாம் அம்மா முறையாகச் செய்தாள், தலை முழுகினாள், கொட்டகை மேடையில் கோடித்துணி வைத்தாள், பல்லடத்தம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். அழுத பெண்களில் யாருக்கு அவர் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மறு மழைக்கு மறுபடியும் அதே படம். பழக்கத்தில் எல்லோரும் போய் உட்கார்ந்திருந்தோம், பல்லடத்திலிருந்து வந்திருந்த நானும். குதிரை வந்தது, பை இருந்தது, கதவு திறந்தது, தங்கச்சி வெளியே வந்தாள். யாரும் இல்லாத வாசலைப் பார்த்தாள். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"காதோரம் பாரு," என்றாள்.

பார்த்தேன். ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அம்மா பெட்டியைத் திறந்து, என் கல்யாணத்துக்கு வந்ததில் கட்டாமல் வைத்திருந்த புடவையை எடுத்தாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை. கனகாம்பரத்தை மடியில் கொட்டிக்கொண்டு கட்ட உட்கார்ந்தாள். அம்மா கட்டிய பூ என்றால் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியும். நெருக்கமாகக் கட்டி, நாலு பூவுக்கு ஒரு தடவை ஒரு இலையை வைத்து முடிச்சைத் திருப்பிப் போடுவாள்.

"யாருக்கம்மா?" என்று கேட்டேன்.

"அண்ணனில்லாதவ விசேஷ நாள்ல வாசலைப் பார்த்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள். "இனி அவளுக்கு நாமதான் செய்யணும்."

தட்டைக் கொண்டுபோய், திரைக்கு அடியில், படி வருகிற இடத்துக்கு நேராக வைத்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை பாலம் முழுகியபோது நாங்கள் பார்த்தோம். தங்கச்சி வாசலுக்கு வந்து, குனிந்து, அண்ணனுடைய பையைத் திறக்காமல் மார்போடு எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவளுடைய கொண்டையில் பூ இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியவில்லை. ஆனால் நாலு பூவுக்கு ஒரு இலை இருந்தது.